படம் போகும் பாதை: வீட்டுக் கண்காணிப்பு கேமராவின் வரலாறு

வாசல் நிலைக்கு மேலே மாட்டப்படும் உள்ளங்கை அகல வயர்லெஸ் கேமராவுக்குள் மூன்று தனித்தனி வரலாறுகள் கலந்திருக்கின்றன: ஒளியை மின்குறியாக மாற்றும் கண், அந்தக் குறியைக் கம்பியில்லாமல் கடத்தும் வானொலி, வந்த படத்தைச் சேர்த்து வைக்கும் சேமிப்பகம். மூன்றும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக வளர்ந்தவை. ராக்கெட் தளம், வங்கி, பல்கலைக்கழக ஆய்வகம் என்று சுற்றிவிட்டுத்தான் அவை வீட்டுக்கு வந்து சேர்ந்தன. எந்தக் கேமராவை வாங்குவது, எங்கே மாட்டுவது, எப்படி இணைப்பது என்று கேட்பவருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. அந்த அறிவுரைகளுக்கெல்லாம் அடிப்படை, எடுத்த படம் எந்த வழியாகப் போய் யார் கையில் சேருகிறது என்ற கேள்வி.

வீட்டுக் காவலில் மின்சாரம் முதலில் மணியாகத்தான் நுழைந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப், 1853-இல் மின்சார எச்சரிக்கை மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று மூடிக்கொள்ளும். மின்காந்தம் சுத்தியலை இழுத்து மணியை அடிக்கும். 1857-இல் அந்த உரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் பாஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் அதைப் பெருந்தொழிலாக வளர்த்தார். கதவு திறந்ததை மணி சொல்லும். திறந்தது யார் என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குத்தான் போயாக வேண்டும். நூறாண்டுக்கும் மேலாக இந்த நிலை மாறவில்லை.

தொலைவிலிருந்து பார்க்கும் வழி போர்க்காலத் தேவையிலிருந்து வந்தது. 1942-இல் ஜெர்மனியின் பீனமுண்டே ராக்கெட் தளத்தில் வால்டர் புரூக் என்ற பொறியாளர் ஒரு மூடுசுற்றுத் தொலைக்காட்சியை அமைத்தார். பின்னாளில் வி-2 என்று பெயர் பெற்ற ராக்கெட் ஏவப்படுவதை, வெடித்துச் சிதறினாலும் ஆபத்து எட்டாத தூரத்தில் இருந்து பார்ப்பதற்காக. படம் ஊருக்கு ஒளிபரப்பாகாமல் ஒரு கேமராவிலிருந்து ஒரு திரைக்கு மட்டும் கம்பி வழியே போகும். இன்று சிசிடிவி என்று எல்லோரும் சொல்லும் முறையின் தொடக்கங்களில் ஒன்று இது. 1950-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் விடிகான் என்ற சிறிய படக்குழாயை உருவாக்கிய பிறகு, தொழிற்சாலைகளும் வங்கிகளும் இத்தகைய கேமராக்களை வாங்கத் தொடங்கின. வீடு இன்னும் அந்தக் கணக்கில் வரவில்லை.

வீட்டைக் கணக்கில் கொண்டுவந்தவர் ஒரு செவிலியர். நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்ற குடியிருப்பில் வாழ்ந்த கறுப்பினப் பெண் மேரி வான் பிரிட்டன் பிரவுன். அவருடைய கணவர் ஆல்பர்ட் பிரவுன் மின்னணுத் தொழில்நுட்பப் பணியாளர். இருவருக்குமே நேரம் காலம் இல்லாத வேலை. பெரும்பாலும் மேரி வீட்டில் தனியே இருப்பார்; சுற்றுவட்டாரத்தில் குற்றங்கள் பெருகியிருந்தன; கூப்பிட்டால் போலீஸ் வந்து சேரத் தாமதமாகும். கதவைத் தட்டுவது யார் என்று கதவருகே போகாமலே தெரிய வேண்டும். இதுதான் அவர் தீர்க்க நினைத்த சிக்கல். 1966 ஆகஸ்ட் 1 அன்று தம்பதியர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2 அன்று 3,482,037 என்ற எண்ணுடன் அது அவர்களுக்குக் கிடைத்தது.

அந்த வடிவமைப்பைக் கவனமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இன்றைய கேமராவின் வேலைகளில் பெரும்பாலானவை அதிலேயே இருக்கின்றன. கதவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு துளைகள்: உயரமானவரின் முகம் மேல் துளையில் தெரியும், குழந்தையின் முகம் கீழ்த் துளையில். கதவின் உட்புறத்தில் ஒரு கேமரா மேலும் கீழும் நகர்ந்து எந்தத் துளை வழியாகவும் பார்க்கும். படம் படுக்கையறையில் உள்ள திரையில் தெரியும். வெளியே நிற்பவரோடு பேச ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் உண்டு. தெரிந்தவராக இருந்தால் படுக்கையில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்திப் பூட்டைத் திறக்கலாம். ஆபத்து என்றால் இன்னொரு பொத்தானை அழுத்தி உதவிக்கு அழைக்கலாம். படம், இருவழிப் பேச்சு, தொலைவிலிருந்து பூட்டு, எச்சரிக்கை என்று வீடியோ அழைப்பு மணி விற்கும் நிறுவனங்கள் இன்று பெட்டியில் அச்சிடும் நான்கும் இவை. ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதல்ல. பிரவுன் தம்பதியரின் அமைப்பில் படத்தைப் பார்ப்பவர் அந்த வீட்டில் இருப்பவர்தான்.

அந்த அமைப்பு கடைகளில் பரவலாக விற்பனைக்கு வரவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டுகள்; 1986 டிசம்பரில் அது காலாவதியானபோதும் சாதாரண வீடுகளில் கேமரா இல்லை. கண்டுபிடித்தவர் முன்னே போய்விட்டார், கருவிகள் பின்தங்கிவிட்டன. விடிகான் குழாய் விலை அதிகம், உருவம் பெரிது, மங்கலான ஒளியில் திணறும். ஒரே காட்சியை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் காட்சியின் சுவடு குழாயிலேயே தீய்ந்து படிந்துவிடும். ஒரு வாசலை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதுதான் காவல் கேமராவின் முழு வேலை என்பதால் இந்தக் குறை மிகவும் கடுமையானது.

சேமிப்பும் அதேபோல் ஒரு தடையாக இருந்தது. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த வீடியோ நாடாக் கருவி ஒளிபரப்பு நிலையங்களுக்கானது. 1976-இல் ஜப்பானில் வந்த விஎச்எஸ் கேசட்தான் பதிவைக் கடைவீதி வரை கொண்டுவந்தது. வழக்கமாக இரண்டு மணி நேரம் ஓடும் கேசட்டை 24 மணி நேரத்துக்கும் மேலாக நீட்ட, விட்டுவிட்டுப் படமெடுக்கும் தனி ரிக்கார்டர்கள் வந்தன. நகைக்கடையிலும் வங்கியிலும் ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்ப அழித்துப் பயன்படுத்தியதால் நாடா தேய்ந்தது. திருடன் முகம் என்று போலீஸுக்குக் கிடைத்தது பல நேரம் ஒரு சாம்பல் நிறப் புகைதான்.

குழாய்க்கு மாற்று 1969-இலேயே பிறந்திருந்தது. பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி சிலிக்கான் சில்லுக்கு 2009-இல் நோபல் பரிசும் கிடைத்தது. சிசிடி கேமராக்கள் 1980-களில் விடிகானை ஓரங்கட்டின. 1990-களில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபோஸம் குழு, சாதாரணக் கணினிச் சில்லுகளைச் செய்யும் அதே முறையில் செய்யக்கூடிய சீமாஸ் உணரியை வளர்த்தது. விண்கலங்களுக்காக எடையையும் மின்செலவையும் குறைக்க நடந்த அந்த வேலைதான், பின்னர் கைப்பேசிக்கும் வாசல் கேமராவுக்கும் மலிவான கண்ணைக் கொடுத்தது.

இனி கம்பி. சுவரைத் துளைத்துக் கேபிள் இழுப்பது வாடகை வீட்டில் முடியாது. சொந்த வீட்டிலும் செலவு பிடிக்கும். கம்பியில்லாத வழியைத் திறந்தது ஒரு சட்ட முடிவு. 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு, வானொலி அலைவரிசையில் சில பட்டைகளை வெப்பமூட்டும் தொழிற்கருவிகள், மருத்துவக் கருவிகள் போன்றவற்றுக்காக ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பு இன்றும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை அவற்றில் ஒன்று. தகவல் தொடர்புக்கு உதவாத இரைச்சல் பட்டை என்று கருதப்பட்ட இதில், உரிமம் இல்லாமல் யாரும் குறைந்த சக்தியில் தகவல் அனுப்பலாம் என்று 1985-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அனுமதித்தது. வைஃபை, புளூடூத் எல்லாம் இந்தத் தீர்மானத்தின் பிள்ளைகள். இந்தியாவில் இதே பட்டைக்கு உரிமத் தேவை 2005-இல் நீங்கியது.

இந்தப் பட்டையில் வீட்டுக்கு வந்த முதல் மலிவுக் கேமராக்கள் வைஃபை கேமராக்கள் அல்ல. எக்ஸ்-10 என்ற நிறுவனம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறிய வயர்லெஸ் கேமராவை இணையத்தில் விளம்பர மழையாகப் பொழிந்து விற்றது. தொலைக்காட்சி நிலையம் போலவே அது படத்தை அனலாக் அலையாக நாலாபக்கமும் அனுப்பும். வீட்டிலுள்ள ரிசீவர் பிடித்துத் தொலைக்காட்சியில் காட்டும். பூட்டோ சாவியோ கிடையாது. அதே ரிசீவரை யார் வைத்திருந்தாலும் படம் அவருக்கும் கிடைக்கும். குழந்தையையும் ஆயாவையும் கவனிக்க மாட்டிய கேமராவின் படத்தைத் தெருவில் காரில் போகிறவர் பார்க்க முடிகிறது என்பதை 2002-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் செய்தியாக வெளியிட்டது. வீட்டுக்காரருக்கு அது தெரிய வழியே இல்லை. கேமராவை விற்ற நிறுவனம் 2003-இல் திவால் பாதுகாப்பு கோரியது. கேமராக்கள் மட்டும் பல வீடுகளில் ஒளிபரப்பிக்கொண்டே இருந்தன. படம் குறியாக்கம் செய்யப்பட்டுப் போகிறதா என்பதைத்தான் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டும் என்ற விதி இங்கிருந்து வருகிறது.

இன்னொரு வழி கணினி வலையமைப்பின் வழியாக வந்தது. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ட்ரோஜன் அறை என்ற இடத்தில் இருந்த காபிக் குடுவையை நோக்கி ஒரு கேமராவை வைத்தார்கள். மற்ற தளங்களில் இருந்தவர்கள் மாடி ஏறி வந்து காலிக் குடுவையைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதே நோக்கம். 128-க்கு 128 புள்ளிகள் கொண்ட சாம்பல் நிறப் படம், நிமிடத்துக்குச் சில முறை மாறும். 1993-இல் அது உலகளாவிய வலையில் ஏறியது. 2001 ஆகஸ்டில் அணைக்கப்படும்வரை உலகெங்கும் இருந்து மக்கள் அந்தக் குடுவையைப் பார்த்தார்கள். கேமராவும் பார்ப்பவரும் ஒரே கட்டடத்தில், ஏன் ஒரே நாட்டிலேயே இருக்க வேண்டியதில்லை என்பதைச் சாதாரண மக்களுக்குக் காட்டியது அதுதான். கணினியின் துணையில்லாமல் தானே வலையமைப்பில் இணையும் முதல் கேமராவை ஸ்வீடனின் லுண்ட் நகரில் உள்ள ஆக்சிஸ் நிறுவனம் 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தெளிவான ஒரு படத்தை அனுப்ப அதற்குப் பல விநாடிகள் பிடித்தன. 1997-இல் கம்பியில்லா வலையமைப்புக்கான 802.11 தரநிலை, 1999-இல் வைஃபை என்ற பெயர், 2004-இல் டபிள்யூபிஏ-2 என்ற வலுவான பூட்டு என்று வரிசையாக வந்தபின், அந்தக் கேமராவின் வாலில் இருந்த கேபிளும் கழன்றது.

வானலையில் பூட்டு வந்துவிட்டது. ஆனால் இணையம் வழியே கேமராவை எட்டும் பாதை இன்னும் திறந்துதான் கிடந்தது. ட்ரெண்ட்நெட் என்ற நிறுவனத்தின் கேமராக்களில், பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் அதைக் கேட்காமலே படத்தைக் காட்டிவிடும் பிழை இருந்தது. 2012 ஜனவரியில் அது வெளியே தெரிந்ததும், கிட்டத்தட்ட 700 கேமராக்களின் நேரலைக்கான இணைப்புகள் இணையத்தில் பரவின. தொட்டிலில் தூங்கும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2013-இல் ஏற்பட்ட தீர்வின்படி அந்த நிறுவனம் 20 ஆண்டுகளுக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியாரைக் கொண்டு பாதுகாப்புத் தணிக்கை செய்ய வேண்டும். அந்தக் கேமராக்களை வாங்கியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, பாஸ்வேர்டும் வைத்திருந்தார்கள். பிழை வெளிப்பட்டதும் திருத்திய மென்பொருளை அனுப்பும் நிறுவனமா என்று பார்ப்பது மெகாபிக்சல் எண்ணிக்கையைவிட முக்கியம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை.

பாஸ்வேர்டின் கதை இன்னும் பெரிய அளவில் 2016-இல் நடந்தது. மிராய் என்ற தீநிரல் இணையத்தில் கேமராக்களையும் ரிக்கார்டர்களையும் தேடி, தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அட்மின் என்ற பெயரும் அதே பாஸ்வேர்டும் கொண்ட கருவிகள் லட்சக்கணக்கில் திறந்துகொண்டன. சிலவற்றில் அந்த பாஸ்வேர்டு மாற்ற முடியாதபடி மென்பொருளுக்குள்ளேயே பதிந்திருந்தது. அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளின் படை டைன் என்ற இணைய முகவரிச் சேவை நிறுவனத்தின் மீது பாய்ந்தபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பல மணி நேரம் எட்டாமல் போயின. வீட்டைக் காக்க வாங்கிய கருவி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அயலாரைத் தாக்கும் கருவியானது. இதற்குப் பிறகே சட்டங்கள் அசைந்தன: எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைக் கலிபோர்னியா 2020 ஜனவரி முதலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதலும் தடுத்தன.

இதற்கிடையே சேமிப்பு இடம் மாறியிருந்தது. 2009-இல் அமெரிக்காவில் தொடங்கிய டிராப்கேம் நிறுவனம், ரிக்கார்டர் பெட்டியையே எடுத்துவிட்டது. கேமரா வைஃபை வழியே படத்தை நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பும். வீட்டுக்காரர் அங்கிருந்து கைப்பேசியில் பார்ப்பார். பழைய பதிவு வேண்டுமென்றால் மாதச் சந்தா கட்டுவார். ரௌட்டரின் அமைப்புகளை மாற்றத் தெரியாதவரும் சில நிமிடங்களில் கேமராவை ஓடவிடலாம் என்பதால் இந்த முறை வென்றது. 2014-இல் நெஸ்ட் நிறுவனம் டிராப்கேமை 55.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த நெஸ்ட் ஏற்கெனவே அதே ஆண்டு கூகுளின் கைக்குப் போயிருந்தது. ஜேமி சிமினாஃப் உருவாக்கிய வீடியோ அழைப்பு மணி நிறுவனமான ரிங்கை 2018-இல் அமேசான் வாங்கியது.

பிரவுனின் படுக்கையறைத் திரை இப்போது வேறொருவரின் கட்டடத்துக்குள் போய்விட்டது. இதன் விலை பின்னர் தெரிந்தது. ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் அந்தரங்க வீடியோக்களைப் பார்க்க ரிங் இடம் கொடுத்தது என்று வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம் சாட்டியது. ஓர் ஊழியர் பெண்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்ததும் அந்தப் புகாரில் இருந்தது. 58 லட்சம் டாலருக்கு அந்த வழக்கு தீர்ந்தது. ஆனாலும் இப்படி நிறுவனத்தின் கணினியில் வைக்கும் கிளவுட் சேமிப்புக்கு ஒரு நன்மை உண்டு: திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனாலும் பதிவு மிஞ்சும். மெமரி கார்டில் மட்டும் இருக்கும் பதிவு கேமராவோடு சேர்ந்து போய்விடும். ஆகவே வாசலுக்கு வெளியே கிளவுட், வீட்டுக்குள்ளே கார்டு அல்லது வீட்டிலேயே இருக்கும் ரிக்கார்டர் என்று பிரித்து வைப்பது பொருத்தமாக இருக்கும். படுக்கையறைக்கு இரண்டுமே வேண்டாம்.

கார்டின் கணக்கு எளிது. விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி. 128 ஜிபி கார்டு ஆறு நாளில் நிரம்பி, பழையதை அழிக்கத் தொடங்கும். பத்து நாள் ஊருக்குப் போகிறவர், முதல் நாள் நடந்ததைத் திரும்பி வந்து பார்க்க முடியாது. ஹெச்.265 சுருக்கமுறை உள்ள கேமராவில் இதே கார்டு கூடுதல் நாள் தாங்கும். அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் வாரக்கணக்கில் போதும். ஆனால் வாசலில் அசையும் மரக்கிளை ஒன்றே அந்தச் சேமிப்பைக் கெடுத்துவிடும்.

கடைசியாகக் கழன்ற கம்பி மின்கம்பி. 2014-இன் இறுதியில் நெட்கியர் நிறுவனம் ஆர்லோ என்ற பேட்டரிக் கேமராவை அறிமுகப்படுத்தியது. இதற்கு முன் வயர்லெஸ் என்று விற்ற கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு அடாப்டரும் பிளக் பாயின்டும் தேவைப்பட்டன. இன்றும் அப்படித்தான் பல உள்ளன. வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பேட்டரிக் கேமரா எந்நேரமும் விழித்திருப்பதில்லை. பிஐஆர் உணரி மட்டும் காத்திருக்கும். உடல் வெப்பம் நகர்வதை உணர்ந்தால் கேமராவை எழுப்பும். நேராகக் கேமராவை நோக்கி நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை இந்த உணரி எளிதாகப் பிடிக்கும். அதனால் கேட்டுக்கு நேர் எதிரே மாட்டாமல், வருகிற பாதையைக் குறுக்காகப் பார்க்கும்படி ஓரத்தில் மாட்ட வேண்டும். எழுந்து பதியத் தொடங்கச் சற்று நேரமாகும் என்பதால், கடந்துபோன பைக்கின் பின்பக்கம் மட்டும் பதிவில் கிடைப்பது வழக்கமான புகார். இடைவிடாத பதிவு வேண்டுமென்றால் மின்இணைப்புள்ள கேமராதான் சரி.

உயரம் பற்றிய கேள்விக்கு பிரவுனின் நான்கு துளைகளே விடை. ஏழெட்டு அடிக்கு மேல் போகப் போகத் தலை உச்சிதான் தெரியும், முகம் தெரியாது. மிகத் தாழ்வாக வைத்தால் கைக்கு எட்டிவிடும். இரவில் அகச்சிவப்பு விளக்கு அருகிலுள்ள வெள்ளைச் சுவரிலோ கண்ணாடியிலோ பட்டுத் திரும்பினால் படம் முழுக்க வெளுத்துப்போகும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்க வைப்பதும், அந்த விளக்கு எரியும்போது பலன் தராது. கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த கேமராவுக்குக் காலையிலோ மாலையிலோ வெயில் நேரே விழும், முகம் நிழலாகிவிடும்.

இணைக்கும் நேரத்தில் பலரும் தடுக்கி விழுவது பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான். மலிவான கேமராக்கள் அநேகமாக அதை மட்டுமே அறியும். புதிய கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கும். செயலி இரண்டையும் சேர்க்க முடியாமல் நிற்கும். ரௌட்டரில் 2.4-ஐத் தனிப் பெயரில் திறந்து, கைப்பேசியையும் அதில் இணைத்துவிட்டு, திரையில் தோன்றும் கியூஆர் கட்டத்தைக் கேமராவுக்குக் காட்டினால் வேலை முடியும். சுவர்களைத் தாண்டுவதில் 2.4 மேலானது என்பதால் இது பின்னடைவும் அல்ல. கான்கிரீட் சுவர் இரண்டைக் கடந்து கேட் வரை அலை போகிறதா என்று, ஆணி அடிக்கும் முன் கேமராவை அந்த இடத்தில் கையில் பிடித்துப் பார்த்துவிடலாம். விருந்தினருக்கான தனி வைஃபையில் கேமராவை வைத்தால், அது ஹேக் செய்யப்பட்டாலும் வீட்டுக் கணினிகள் எட்டாத தூரத்தில் இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: கரன்ட் போனால் கேமராவுக்கு பேட்டரி இருந்தாலும் ரௌட்டர் அணைந்தால் படம் வெளியே போகாது. ரௌட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்தாக வேண்டும்.

சென்னையில் இந்தக் கருவி வீடுவீடாகப் பரவியதில் காவல்துறைக்குப் பெரும் பங்கு உண்டு. 2017-க்குப் பிறகு, ஏ.கே.விஸ்வநாதன் ஆணையராக இருந்த காலத்தில், ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருக்களிலும் கடைகளிலும் குடியிருப்புகளிலும் கேமரா வைக்கும்படி பெரிய இயக்கம் நடந்தது. அப்படி வைத்தவற்றில் பெரும்பாலானவை தெருவைப் பார்க்கும் தனியார் கேமராக்கள். தெருவைப் பார்க்கும் கேமரா எதிர்வீட்டு ஜன்னலையும் பார்க்கிறது. வீட்டுக்குள்ளேயும் இந்தச் சிக்கல் வந்தது: கூட்டாகக் குடியிருக்கும் வீட்டில் மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. பல கேமராக்களின் செயலியில், படத்தில் குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. அண்டை வீட்டு ஜன்னலை அதில் மறைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய மின்னணு அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. குறியாக்கம், அனுமதியில்லாத நுழைவைத் தடுக்கும் ஏற்பாடு, மென்பொருளின் நம்பகம் ஆகியவற்றை ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெறாத கேமராவை 2025 ஏப்ரல் 9 முதல் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது. அதற்கு முந்தைய சரக்கும், பெயர் தெரியாத இறக்குமதிக் கேமராக்களும் இணையக் கடைகளில் கிடைக்கக்கூடும் என்பதால், பெட்டியின் மீதுள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவெண்ணை வாங்கும் முன்பே சரிபார்த்துக்கொள்ளலாம்.